வடகிழக்குப் பருவமழையைக் கணக்கிட எக்ஸ்-அரே: நான்கு ஆண்டு பயன்படுத்திய பிறகு

சம்பா மகசூலையும் மழையையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தேவைப்பட்டது வருடத்துக்கு ஒரே ஓர் எண். இந்த இடத்தில், இந்த வருடம், அக்டோபர் முதல் டிசம்பர் முடிய எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது மட்டும். அந்த ஓர் எண்ணுக்காக, நாள்வாரியாகக் கட்டம் கட்டமாக இருக்கும் மழைத் தரவைத் திறந்து, கடல் பகுதியை ஒதுக்கி, மாதங்களைப் பிரித்து, கூட்டி, கடைசியில் மாவட்ட எல்லைக்குள் சராசரி எடுக்க வேண்டியிருக்கிறது. எக்செல்லில் ஆரம்பித்து, ஆர் நிரல்மொழிக்குப் போய், தட்பவெப்பத் தரவைக் கட்டளைகளால் கையாளும் சிடிஓ என்ற கருவியைக் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டு, கடைசியாகப் பைத்தான் நிரல்மொழியில் எக்ஸ்-அரே என்ற நூலகத்தில் வந்து நின்றேன். நான்கு வருடம் ஆகிறது. பருவவாரியாகத் தட்பவெப்பக் கணக்கு போட நினைப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன், ஆனால் நம்மூர்ப் பருவத்தை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் அது பாட்டுக்கு வேறு ஒரு பருவத்தைக் கூட்டிக் கொடுத்துவிடும்.

எக்ஸ்-அரே முதலில் எக்ஸ்-ரே என்ற பெயரில் 2014இல் வெளிவந்தது. க்ளைமேட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் இருந்த ஸ்டீபன் ஹோயரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் எழுதியது, 2016இல் இப்போதைய பெயருக்கு மாறியது. திறமூல மென்பொருள், காசு எதுவும் கிடையாது. இதன் அடிப்படை மிக எளிமையானது: பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையில் ஓர் எண் அடுக்கு இருந்தால் அதில் முதல் அச்சு, இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்றுதான் பேச முடியும், எது நாள், எது அட்சரேகை என்பதை நம் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்-அரேயில் அச்சுகளுக்குப் பெயர் உண்டு, அந்த அச்சில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் தேதியோ கோணமோ ஒட்டியிருக்கும். 2015 டிசம்பர் 2 வேண்டும் என்றால் அந்தத் தேதியையே கேட்கலாம். 11 டிகிரி வடக்கு, 79.5 டிகிரி கிழக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டம் வேண்டும் என்றால் அப்படியே கேட்கலாம். கேட்பதற்குச் சின்ன வசதி மாதிரித்தான் இருக்கும், ஆனால் 30 வருடத் தரவில் 10,958 நாள்களை வைத்துக்கொண்டு லீப் வருடத்தைக் கையால் எண்ணிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நான் அதிகம் பயன்படுத்துவது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்ட மழைத் தரவு. 0.25 டிகிரிக்கு ஒரு கட்டம், அதாவது நம் பகுதியில் பக்கத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர். 1901இல் தொடங்குகிறது. நாடு முழுவதும் 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு உருவாக்கியது. தீர்க்கரேகையில் 135, அட்சரேகையில் 129 என்று ஒரு நாளைக்கு 17,415 கட்டங்கள், வருடத்துக்குச் சுமார் 25 எம்பி. சாதாரண மடிக்கணினிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நெட்-சிடிஎஃப் (தட்பவெப்பத் தரவுக்கு வழக்கமான கோப்பு வடிவம்) கோப்புகளாக இறக்கி வைத்துக்கொண்டு, பல வருடக் கோப்புகளை ஒன்றாகத் திறக்கும் ஒரே கட்டளையில் அத்தனையையும் ஒரே நீண்ட வரிசையாகப் பார்க்க முடிகிறது.

சரி, பருவத்துக்கு வருவோம். எக்ஸ்-அரேயில் நேரத்தோடு ஒட்டி 'சீசன்' என்று ஒரு பண்பு தயாராக இருக்கிறது. அதை வைத்துக் குழுவாகப் பிரி என்று ஒரு வரி எழுதினால் உடனே நான்கு பருவங்கள் வந்துவிடும். அந்த நான்கும் டிசம்பர்–பிப்ரவரி, மார்ச்–மே, ஜூன்–ஆகஸ்ட், செப்டம்பர்–நவம்பர். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இது பொருத்தமான பிரிவு. நமக்குத் தென்மேற்குப் பருவம் ஜூன் முதல் செப்டம்பர், வடகிழக்குப் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர், குளிர்காலம் ஜனவரியும் பிப்ரவரியும், கோடை மார்ச் முதல் மே. வானிலைத் துறை பயன்படுத்துவதும் இந்தப் பிரிவைத்தான். தயார்நிலையில் இருக்கும் நான்கில் மார்ச்–மே ஒன்றைத் தவிர வேறு எதுவும் நம்முடையதோடு ஒத்துப்போகாது. தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2015 டிசம்பர் 2 காலை 8.30க்கு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. மழை, சென்னையை மூழ்கடித்த அந்த மழை, வடகிழக்குப் பருவத்தின் கணக்கு. டிசம்பரில் தொடங்கும் காலாண்டாகப் பிரித்தால் அது 2016 ஜனவரி, பிப்ரவரியோடு சேர்ந்து 'குளிர்காலம்' ஆகிவிடும். வருடம், சீசன் இரண்டையும் வைத்துக் குழுவாக்கினால் இன்னும் மோசம், 2015 டிசம்பர் அதற்குப் பதினொரு மாதம் முன்னால் இருந்த 2015 ஜனவரியோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் வராது, படம் அழகாக வரும், எண்களும் நம்பும்படி இருக்கும்.

அதனால் முதல் நாளிலிருந்தே பழக வேண்டியது இதுதான்: மாதம் 10, 11, 12 மட்டும் இருக்கும் நாள்களை வடிகட்டி, வருடவாரியாகக் குழுவாக்கி, கூட்டு. மூன்றே செயல், இரண்டு வரி. வடகிழக்குப் பருவம் ஒரே காலண்டர் வருடத்துக்குள் முடிவதால் இது சிக்கலில்லாமல் வேலை செய்கிறது. இதை 1991–2020க்குப் போட்டுச் சராசரி எடுத்தால் தமிழ்நாட்டுக்கு ஏறக்குறைய 44 செ.மீ. சுற்றுவட்டாரத்தில் வர வேண்டும், வானிலைத் துறை சொல்லும் இயல்பளவு அந்த அளவில்தான் இருக்கிறது. வருடவாரியாகப் படம் போட்டால் 2005உம் 2015உம் தலைநீட்டி நிற்கும், 2016 அடியில் கிடக்கும். அந்த வருடம் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு, டெல்டாவில் பயிர் கருகியதை நேரில் பார்த்த எவருக்கும் அந்தப் பள்ளத்தைப் படத்தில் அடையாளம் காட்டத் தேவையில்லை. புதிதாக நிரல் எழுதும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் தேடுவது இந்த 2016 பள்ளத்தைத்தான். அது இல்லையென்றால் எங்கோ மாதம் தவறியிருக்கிறது.

வருட எல்லையைத் தாண்டும் பருவம்தான் இத்தனை நாளும் தொல்லையாக இருந்தது. 2021 ஜனவரியில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் நனைந்து சாய்ந்தது நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை அந்த முறை ஜனவரி நடுப்பகுதி வரை நீடித்தது. சம்பாவுக்குக் கணக்கு போடுபவர் அக்டோபர்–ஜனவரி என்று நான்கு மாதத்தையும் சேர்த்து, அதை 2020 பருவமாக எழுத வேண்டும். முன்பு இதற்கு ஜனவரி நாள்களுக்கு மட்டும் வருடத்தில் ஒன்றைக் கழித்து ஒரு புதிய அச்சைக் கையால் உருவாக்க வேண்டியிருந்தது. 2025இல் வந்த பதிப்புகளில் சீசன்-குரூப்பர், சீசன்-ரீசாம்ப்ளர் என்று இரண்டு கருவிகள் சேர்ந்திருக்கின்றன. மாதங்களின் ஆங்கில முதலெழுத்துகளை வரிசையாகக் கொடுத்தால் போதும், அதையே பருவமாக எடுத்துக்கொள்கிறது. ரீசாம்ப்ளர் டிசம்பர்–ஜனவரி எல்லையைத் தானே சரியாகக் கடக்கிறது, தரவின் தொடக்கத்திலும் முடிவிலும் மாதம் குறையும் அரைகுறைப் பருவங்களைத் தானாகவே விட்டுவிடுகிறது. இலங்கைக் கணக்கு போடுபவர்களுக்கு இது இன்னும் பெரிய உதவி. அங்கே மார்ச்–ஏப்ரல் முதல் இடைப்பருவம், மே–செப்டம்பர் தென்மேற்கு, அக்டோபர்–நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், டிசம்பர்–பிப்ரவரி வடகிழக்கு. இரண்டு மாதம், ஐந்து மாதம் என்று நீளம் மாறும் இந்த நான்கையும் காலாண்டு அடிப்படையில் எப்படியும் பிரிக்க முடியாது, இப்போது ஒரே பட்டியலாகக் கொடுத்துவிடலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே பழைய பதிப்பில் இருப்பவர்கள் மேம்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, எனக்கு மூன்று வாரம் வீணான இடம். எக்ஸ்-அரேயில் கூட்டல் செய்யும்போது காலி மதிப்புகளை அது தானாகவே தவிர்த்துவிடும். நல்லதுதான். ஆனால் ஒரு கட்டத்தில் எல்லா நாளும் காலியாக இருந்தால் கூட்டல் விடை காலி இல்லை, பூஜ்யம். மழைத் தரவில் வங்காள விரிகுடா முழுக்கக் காலி, மன்னார் வளைகுடா காலி. கூட்டிய பிறகு அத்தனை கடல் கட்டமும் மழையே பெய்யாத பாலைவனமாக மாறி நிற்கும். பிறகு நாகப்பட்டினம் கரையை ஒட்டி ஒரு பெட்டி போட்டுச் சராசரி எடுத்தால் அந்தப் பூஜ்யங்களும் சேர்ந்து பாதியாகக் குறைத்துவிடும். கடலோர மாவட்டங்களில்தான் வடகிழக்குப் பருவமழை அதிகம், என் விடையிலோ உள்மாவட்டங்களைவிடக் குறைவாக வந்தது, அப்போதும் தரவைத்தான் சந்தேகப்பட்டேன். தீர்வு என்னவோ ஒரு சொல்தான்: கூட்டலில் மின்-கவுண்ட் என்ற அளவுருவைக் கொடுக்க வேண்டும், குறைந்தது இத்தனை நாள் மதிப்பு இருந்தால்தான் கூட்டு என்று. பருவத்துக்கு 92 நாள், நான் 90 என்று வைத்துக்கொள்கிறேன். இது ஆவணத்தில் எழுதியிருக்கிறது, இப்படி நடப்பதற்குக் கணித ரீதியான காரணமும் உண்டு, ஆனாலும் மழைக் கணக்கு போடும் ஒருவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. காலி இடத்துக்கு -999 என்று எழுதியிருக்கும் மூலக் கோப்பை அப்படியே கூட்டினால் பயங்கரமான எதிர்மறை எண் வந்து உடனே கண்ணில் பட்டுவிடும், அந்தப் பிழையால் ஆபத்து இல்லை. பூஜ்யம்தான் ஆபத்து.

இன்னொன்று, அட்சரேகையின் திசை. வானிலைத் துறைத் தரவு தெற்கிலிருந்து வடக்காகப் போகிறது. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையம் உலகம் முழுவதற்கும் கணக்கிட்டுத் தரும் ஈஆர்ஏ-5 தரவு வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. முதலாவதில் 8 முதல் 13.5 என்று வெட்டினால் தமிழ்நாடு வரும், இரண்டாவதில் அதே வரி ஒன்றுமே இல்லாத அடுக்கைக் கொடுக்கும், 13.5 முதல் 8 என்று திருப்பிக் கேட்க வேண்டும். தரவைத் திறந்ததும் அட்சரேகையை ஏறுவரிசையாக அடுக்கிவிடுவது என் பழக்கம், பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

ஈஆர்ஏ-5 என்றதும் நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். வானிலைத் துறையின் ஒரு நாள் என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை. தாம்பரத்தின் 49 செ.மீ. பெரும்பாலும் டிசம்பர் 1 அன்று கொட்டியது, ஆனால் தரவில் டிசம்பர் 2. ஈஆர்ஏ-5 மணிக்கணக்கில் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, மழை மீட்டரில் இருக்கிறது, மில்லிமீட்டராக்க ஆயிரத்தால் பெருக்க வேண்டும். நம் காலை 8.30 உலக நேரத்தில் சரியாக 3 மணி, ஆகவே 3 மணிக்கு முடியும் 24 மணி நேரத் துண்டுகளாக வெட்டி, முடியும் நாளின் தேதியை ஒட்டினால் இரண்டும் ஒரே நாளில் உட்கார்ந்துவிடும். நேரத் துண்டுகளாகத் தொகுக்கும் எக்ஸ்-அரேயின் ரீசாம்பிள் கட்டளையில் இதற்கு வசதி இருக்கிறது, வலது ஓரத்தைச் சேர்த்துக்கொள், வலது ஓரத்தின் பெயரை வை, மூன்று மணி நேரம் தள்ளு என்று மூன்று அளவுருக்கள். முதல் தடவை புரிய ஒரு மாலை பிடிக்கும். பருவ மொத்தத்துக்கு ஒரு நாள் வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றலாம், ஆனால் பருவத்தின் அதிகபட்ச ஒருநாள் மழை, மழை நாள்களின் எண்ணிக்கை என்று போனால் இந்த ஒரு நாள் எல்லாவற்றையும் குலைத்துவிடும். ஈஆர்ஏ-5இன் மாதச் சராசரிக் கோப்பை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதில் மழை ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் என்று இருக்கும், அந்த மாதத்தின் நாள் எண்ணிக்கையால் பெருக்காமல் கூட்டினால் முப்பதில் ஒரு பங்குதான் வரும்.

வேகமும் நினைவகமும் எப்படி என்றால், வானிலைத் துறைத் தரவுக்கு 8 ஜிபி மடிக்கணினி தாராளம். செயற்கைக்கோளையும் நிலையங்களையும் சேர்த்து உருவாக்கும் சிர்ப்ஸ் மழைத் தரவின் இரண்டாம் பதிப்புக்குப் போனால்தான் யோசிக்க வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்திலிருந்து வருவது, 1981 முதல், 0.05 டிகிரி, 50 டிகிரி தெற்கு முதல் 50 வடக்கு வரை. ஒரு நாளைக்கு 1 கோடியே 44 லட்சம் கட்டம், விரித்தால் சுமார் 58 எம்பி, 30 வருடத்துக்கு 600 ஜிபியைத் தாண்டும். எக்ஸ்-அரே இங்கே பெரிய தரவைத் துண்டாக்கிக் கணக்கிடும் டாஸ்க் என்ற நூலகத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது: திறக்கும்போது எதையும் படிக்காது, கணக்கை மட்டும் குறித்துக்கொள்ளும், கடைசியில் கேட்கும்போது துண்டு துண்டாகப் படித்துச் செய்யும். திறந்த உடனே தமிழ்நாட்டுப் பெட்டியை வெட்டிவிட்டுப் பிறகு கூட்டினால் என் மடிக்கணினியிலேயே முடிகிறது. துண்டின் அளவைத் தப்பாகக் கொடுத்தால், நாளுக்கு ஒரு துண்டு என்று வைத்தால், துண்டுகளை நிர்வகிப்பதிலேயே நேரம் போய்விடும். ஃப்ளாக்ஸ் என்ற துணை நூலகத்தையும் நிறுவிக்கொள்ளுங்கள், குழுவாக்கும் வேலை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகமாகும், நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

மாவட்ட எல்லையால் வெட்டுவதற்கு ரியோ-எக்ஸ்-அரே. இதுவும் தனி நூலகம்தான், நிறுவ வேண்டும். கட்டத்தின் மையம் எல்லைக்குள் இருந்தால்தான் அந்தக் கட்டத்தை அது சேர்க்கும். சென்னை மாவட்டம் 426 சதுர கிலோமீட்டர், வானிலைத் துறையின் ஒரே கட்டம் 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். எல்லைக்குள் மையம் எதுவும் விழாவிட்டால் தரவு இல்லை என்று நின்றுவிடும், தொடும் கட்டம் எல்லாவற்றையும் சேர் என்று சொன்னால் பக்கத்து மாவட்டமும் சேர்ந்துவிடும். கட்டத்தில் எவ்வளவு பங்கு மாவட்டத்துக்குள் இருக்கிறது என்று எடைபோட்டுச் சராசரி எடுப்பதுதான் சரி, அதை எக்ஸ்-அரேயின் எடையிட்ட சராசரியில் செய்யலாம், எடைகளை நாம் தயாரித்துக் கொடுக்க வேண்டும். அட்சரேகைக்கு ஏற்பக் கட்டத்தின் பரப்பு மாறுவதற்கும் அதே எடைதான். தமிழ்நாட்டுக்குள் 8 முதல் 13.5 டிகிரிக்கு அந்த வேறுபாடு 2 சதவீதம்கூட இல்லை, விட்டாலும் குற்றமில்லை, காஷ்மீர் வரைக்கும் போனால் 20 சதவீதத்தை நெருங்கும்.

ஆனால் எந்த நூலகமும் தரவில் இல்லாததைத் தராது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது. 27 கிலோமீட்டர் கட்டத்தில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது, சுற்றியுள்ள நிலையங்களோடு கலந்து தணிந்துதான் இருக்கும். பருவ மொத்தத்துக்குக் கட்டத் தரவு, ஊர் வெள்ளத்துக்கு நிலையப் பதிவு என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால், வடகிழக்குப் பருவ மொத்தம் மட்டும் போதும், மேலே ஒன்றும் வேண்டாம் என்பவர்களுக்கு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்திலிருந்து வரும் சிடிஓ ஒரே வரியில் செய்துவிடும், வேகமும் அதிகம். மாதங்களைத் தேர்ந்தெடு, வருடமாகக் கூட்டு, அவ்வளவே. ஆர் மொழியில் டெர்ரா என்ற வரைபடத் தரவு நூலகமும் அருமையான கருவி, ஜியோ-டிஃப் என்ற வரைபடப் படக் கோப்புகளை அடுக்காக வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் அதை விட்டுவர அவசியமே இல்லை. ஆனால் அதில் அடுக்குகளைக் குழுவாக்க நாம் கொடுக்கும் எண் வரிசை குறைவாக இருந்தால் அது மறுபடி முதலிலிருந்து சுற்றிக்கொள்ளும், 365 எண்ணைக் கொடுத்துவிட்டுப் பத்து வருடத் தரவை ஓட்டினால் லீப் வருடம் தாண்டத் தாண்ட நாள் நகர்ந்துகொண்டே போகும். தேதியே அச்சில் ஒட்டியிருப்பதால் எக்ஸ்-அரேயில் அந்தப் பயம் இல்லை. நான் மாறியதற்குக் காரணமே இதுதான்.

தாவரப் பரவல் ஆய்வு செய்பவர்கள் வேர்ல்டு-க்ளிம் என்ற உலகத் தட்பவெப்பத் தரவுத் தொகுப்பின் 19 உயிர்க்காலநிலை மாறிகளை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள், அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'அதிக மழை பெய்யும் காலாண்டின் சராசரி வெப்பநிலை' என்ற மாறி ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் சொந்தக் காலாண்டைத் தேர்ந்தெடுக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் அது ஜூன்–ஆகஸ்ட் சுற்றிலும், நம் பக்கம் அக்டோபர்–டிசம்பர் சுற்றிலும் விழுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வேறு வேறு மாதங்களின் வெப்பநிலை, வரைபடத்தில் கத்தியால் கிழித்த மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டில் இயற்கையில் எதுவும் மாறுவதில்லை. நம் பகுதிக்கு வேலை செய்யும்போது தென்மேற்குப் பருவ வெப்பநிலை, வடகிழக்குப் பருவ வெப்பநிலை என்று மாதத்தைக் கட்டிப்போட்டு நாமே கணக்கிட்டுக்கொள்வது எவ்வளவோ மேல், எக்ஸ்-அரேயில் அது பத்து வரி வேலை. மாதச் சராசரியிலிருந்து போடுவதாக இருந்தால் மாதத்தின் நாள் எண்ணிக்கையால் எடைபோடுங்கள், ஆவணத்தில் இதற்கென்றே தனி உதாரணம் இருக்கிறது, நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

குறை என்று சொன்னால், பைத்தானே தெரியாதவருக்கு நிறுவுவது முதல் தடை, நெட்-சிடிஎஃப் படிக்க ஒன்று, டாஸ்க் ஒன்று, எல்லைக்கு ஒன்று என்று துணை நூலகங்கள் நீள்கின்றன. நூலகங்களை நிறுவித் தரும் கான்டா என்ற கருவியில் ஒரே சூழலாக எல்லாவற்றையும் சேர்த்து நிறுவினால் மோதல் குறைவு. தமிழில் பயிற்சிக் குறிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை, வேளாண் கல்லூரி மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு வருடக் கோப்பை, 2016ஐ, இறக்கி, மூன்று மாதத்தை வடிகட்டி, மின்-கவுண்ட் கொடுத்துக் கூட்டி, படமாகப் போட்டுப் பாருங்கள். பிறகு அதே நிரலில் வருடத்தை மட்டும் 2015 என்று மாற்றி ஓட்டுங்கள். இரண்டு படத்துக்கும் ஒரே நிற அளவுகோல் வைக்க மறக்காதீர்கள்.